கொலை விசாரணையில் மோப்ப நாய்: வாசகர் கேள்வி – பதில்

துப்பறியும் பெண் அதிகாரியும் அவருடைய நாயும் சேர்ந்து ஒரு கொலை மர்மத்தை அவிழ்ப்பதாகக் கதை எழுதுபவர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். நிஜ விசாரணையில் நாய் எதுவரை உதவும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கே: என் கதாநாயகிதான் வழக்கின் விசாரணை அதிகாரி. நாயைக் கையாள்பவரும் அவரேதான். இது நம்பும்படி இருக்குமா?

நம்பும்படிதான் இருக்கும். ஆனால் கதையின் பெரிய சிக்கலே இங்கேதான் இருக்கிறது. அதை நீங்கள் தவறவிடக் கூடாது.

விசாரணை அதிகாரிக்கு யார்மேல் சந்தேகம், எந்த அறைமேல் சந்தேகம் என்பதெல்லாம் தெரியும். அந்த நினைப்பு அவர் உடம்பில் வெளிப்படும். ஒரு கதவருகே நடை சற்றுத் தளரும், கயிறு லேசாக இறுகும், மூச்சு ஒரு கணம் நிற்கும், கண் அலமாரியின் பக்கம் போகும். கையாள்பவரின் உடலைப் படித்தே வளர்ந்த நாய்க்கு இதில் ஒன்று போதும். அது அந்த இடத்திலேயே கூடுதலாக முகர்ந்து, கடைசியில் ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்லும் சைகையாக உட்கார்ந்தும்விடும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் பதில் பொய்யாகிவிட்டது.

இது வெறும் ஊகமல்ல. கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், போதைப்பொருள் அல்லது வெடிபொருள் தேடப் பழக்கிய 18 நாய்–கையாளுநர் ஜோடிகள் கலந்துகொண்டன. தேடலுக்கு விட்ட அறைகளில் போதைப்பொருளும் இல்லை, வெடிபொருளும் இல்லை. ஆனால் பொருள் ஒளித்திருக்கும் இடத்தில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும் என்று கையாளுநர்களிடம் சொல்லியிருந்தார்கள். மொத்தம் 144 தேடல்கள் நடந்தன. ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே. நாயைக் கவர்வதற்காகவே இறைச்சித் துண்டு ஒளித்து வைத்த இடங்களைவிட, சிவப்புத் தாள் ஒட்டிய இடங்களில்தான் தவறான அறிவிப்புகள் குவிந்தன. நாயின் ஆசையைவிடக் கையாள்பவரின் நம்பிக்கை வலுவாக இருந்திருக்கிறது.

ஆகவே உங்கள் நாயகி நாயை நடத்தட்டும், தேடலின் திட்டத்தை வேறொருவர் வகுக்கட்டும். எந்த அறை, எந்த வரிசை என்பதை வழக்கின் உள்விவரம் தெரியாத அதிகாரி முடிவு செய்ய வேண்டும். சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று அறைகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். முழுத் தேடலையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிந்த இடத்தில் கயிற்றைக் கழற்றிவிட்டு, கையாள்பவர் வாசலிலேயே நின்றுகொள்வது இன்னும் நல்லது. வழக்கு விவரம் முழுவதும் மண்டைக்குள் இருக்கும் நிலையில், நாயகி ‘இன்று நாயை நீ நடத்து’ என்று சக அதிகாரியிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றால், தொழில் தெரிந்த வாசகர் அவரை அந்த இடத்திலேயே மதித்துவிடுவார்.

கே: சம்பவ இடத்துக்கு நாய் வந்ததும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்? நாய் முதலிலா, தடயவியல் குழு முதலிலா?

இரண்டும் சரி. இடத்தைப் பொறுத்தது. சடலம் கிடக்கும் உள்வட்டத்துக்குள் தடயவியல் குழுதான் முதலில் போக வேண்டும். கொலையாளி தப்பிப் போன வெளிவட்டத்துக்கு நாய்தான் முதலில் வர வேண்டும், அதுவும் மற்றவர்கள் மிதித்துக் குழப்புவதற்குள்.

நாய் வந்து சேர்ந்ததும் வண்டியிலேயே இருக்கும். கையாள்பவர் மட்டும் இறங்கி மூன்று விஷயம் கேட்பார்: இதுவரை யார் யார் உள்ளே போனார்கள், எந்த வழியாகப் போய் வந்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது. காற்றைப் பார்க்க ஒரு சிட்டிகை பவுடரைத் தூவிவிட்டாலே போதும். முதலில் வந்த காவலர்கள் ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்பியிருந்தால் பாதி வேலை மிச்சம். வீட்டைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக நடந்து பார்த்திருந்தால், புதிதாக விழுந்த அத்தனை தடங்களையும் நாய் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டியிருக்கும்.

பிறகு நாய்க்குத் தோள்வாரை (மார்பையும் தோளையும் சுற்றி மாட்டும் வார்) மாட்டி, 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிற்றில் வெளி எல்லையிலிருந்து தடம் தேட விடுவார்கள். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டினால், நாய் முன்னே இழுக்கும்போது தொண்டை இறுகும். தவிர, தோள்வார் மாட்டினால் தடம் பிடிக்கும் வேலை என்று நாய்க்கே புரிந்துவிடும். பின்னாலேயே இன்னொரு அதிகாரி நடப்பார். சுற்றுப்புறத்தைக் கவனிப்பதும் போன வழியை ஜிபிஎஸ்-ஸிலும் சிறு கொடிகளாலும் குறிப்பதும் அவர் பொறுப்பு. கையாள்பவரின் கண் நாயைவிட்டு அகலக் கூடாது. வழியில் கத்தியோ கையுறையோ கிடந்து நாய் அதனருகே படுத்தால், யாரும் அதை எடுப்பதில்லை. ஒரு கொடி நட்டு, நாயைப் பாராட்டிவிட்டுத் தடத்தைத் தொடர்வார்கள். பொருளைப் படமெடுத்துச் சேகரிப்பது பின்னால் வருபவர் வேலை.

உள்வட்டத்துக்குள் நாய் போகவே வேண்டுமென்றால், புகைப்படமும் மாதிரிச் சேகரிப்பும் முடிந்த பிறகுதான். ஒன்றரை மீட்டருக்குக் குறைவான கயிறு, முன்பே குறித்து வைத்த பாதை, உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் பதிவேட்டில். ஏன் இவ்வளவு கறார்? நாயின் முடி உதிரும், எச்சில் சொட்டும். ஆட்டும் வால், சுவரில் தெறித்துள்ள இரத்தத் துளியை ஒரே வீச்சில் இழுத்துத் தேய்த்துவிடும். அதற்குப் பிறகு துளியின் வடிவத்தை வைத்து அடி எந்தத் திசையிலிருந்து விழுந்தது என்று கணக்கிடவே முடியாது. உள்ளே போன நாயின் முடி, எச்சில், பாதப் பதிவு மூன்றையும் மாதிரியாக எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சோபாவில் கிடந்த முடி யாருடைய நாயினுடையது என்ற கேள்வி ஆறு மாதம் கழித்து எழும்.

கே: சந்தேக நபரின் வாசனையை நாய்க்கு எப்படிக் கொடுப்பது? சட்டையை மூக்கருகே நீட்டினால் போதுமா?

திரையில் காட்டுவது அப்படித்தான். களத்தில் அந்தச் சட்டையை எடுத்த கை யாருடையது, அது எங்கே கிடந்தது என்பதுதான் முதல் கேள்வி. அழுக்குக் கூடையிலிருந்து எடுத்த சட்டையில் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய வாசனையும் ஏறியிருக்கும்.

கொலையாளி தொட்ட பொருளையே நாயிடம் காட்டாமல், அதிலிருந்து வாசனையைத் துணிக்கு ஏற்றிக்கொள்வதே நல்ல முறை. ஏறக்குறைய 10 செ.மீ. சதுரமான, பிரிக்காத உறையிலுள்ள சுத்திகரித்த காஸ் துணி (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கையுறை அணிந்து, இடுக்கியால் அதைப் பொருளின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் மூடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிறகு இடுக்கியாலேயே எடுத்து, கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, நேரத்தையும் எடுத்தவர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். கண்ணாடிக்குச் சொந்த வாசனை கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு வாசனை உண்டு, உள்ளிருப்பதையும் வெளியே கசியவிடும். இதே நேரத்தில் இரண்டாவது துணி ஒன்றை எதிலும் படாமல் அறைக் காற்றில் மட்டும் பிடித்து, வேறு ஜாடியில் வையுங்கள். நாய் அறையின் வாசனைக்குப் பதில் சொல்கிறதா, ஆளின் வாசனைக்குப் பதில் சொல்கிறதா என்று பிறகு சோதிக்க அதுதான் கைகொடுக்கும்.

கத்திப் பிடி போன்ற பொருளில் எந்தப் பகுதி டி.என்.ஏ.வுக்கு, எந்தப் பகுதி கைரேகைக்கு, எது வாசனைக்கு என்று தடயவியல் நிபுணருடன் முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டும். துணியை அழுத்தித் தேய்த்தால் ரேகை போய்விடும்.

பொருளில் பலருடைய வாசனையும் கலந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. அதைத் தொட்டவர்களில் கொலையாளியைத் தவிர மற்ற எல்லோரையும் தடம் தொடங்கும் இடத்தில் நிற்கவைக்க வேண்டும். நன்கு பழகிய நாய் பொருளை முகர்ந்து, நிற்பவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து கழித்துவிட்டு, அங்கே இல்லாத அந்த ஒருவரின் தடத்தை எடுக்கும். நிற்கவேண்டியவர்களில் ஒருவர் வராமல் போனால் நாய் அவரைத் தேடிக் கிளம்பிவிடும். இந்த முறை சொதப்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

கே: மிளகாய்ப்பொடி தூவினால், ஆற்றைக் கடந்தால், வண்டியில் ஏறினால் நாய் ஏமாறுமா?

பொடி அந்த ஒரு இடத்தில் மூக்கை எரிக்கும். நாய் தும்மிவிட்டுச் சுற்றிக்கொண்டு போய் அப்பால் தடத்தை எடுக்கும். பொடி தூவிய இடமே ஒரு தடயமாகிவிடும். ஆறு குறுக்கிட்டால் இரண்டு கரையிலும் மேலும் கீழுமாக நாயை நடத்திப் பார்ப்பார்கள். வண்டியில் ஏறினால் தடம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நாய் அந்த இடத்தையே வட்டமடிக்கும். விசாரணைக்கு அது தோல்வி ஆகாது. வண்டி எங்கே நின்றது என்பது தெரிந்துவிட்டதால், கண்காணிப்புக் கேமராவில் எந்தச் சாலையை, எந்த நேரத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கே: தடத்தைக் குறுக்கே சந்திக்கும் நாய், ஆள் போன திசையில் போகாமல் வந்த திசையில் போய்விடாதா?

பழகிய நாய் பெரும்பாலும் சரியான திசையில்தான் திரும்பும். நார்வே ஆய்வாளர்கள் 1993-ல் இதை நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். தடத்தைக் கண்டதும் நாய் வேகத்தைக் குறைத்து, சில காலடிகளை மட்டும் முகர்ந்து, 3 முதல் 5 நொடிக்குள் திசையை முடிவு செய்தது. பிறகு பெல்பாஸ்டில் நடந்த சோதனையில் ஐந்து காலடிகள் இருந்தால் போதும், மூன்று போதாது என்று தெரியவந்தது. ஒவ்வொரு காலடியும் முந்தையதைவிடக் கொஞ்சம் புதியது. அந்த நூலிழை வித்தியாசத்தைத்தான் நாய் படிக்கிறது. ஆகவே நாய் தலையைத் தாழ்த்தி மெதுவாக்கும் அந்தச் சில நொடிகளில் கையாள்பவர் கயிற்றைத் தளர்த்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். அவசரப்பட்டு ‘போ, போ’ என்றால் நாய் பாதிக் கணக்கில் கிளம்பிவிடும்.

கே: சடலத்தை அப்புறப்படுத்தித் தரையைக் கழுவிவிட்டார்கள். சடலம் இருந்த இடத்தை நாய் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு இதற்குச் சரியான உதாரணம். இறந்து மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட உடல்களைப் பருத்திப் போர்வையில் சுற்றி, அதன் அடியில் கம்பளத் துண்டுகளை வைத்தார்கள். சில துண்டுகள் 2 நிமிடம் மட்டும், சில 10 நிமிடம். உடலின் தோல் கம்பளத்தில் நேராகப் படவேயில்லை. துண்டுகளைப் பிறகு காவல்துறை நாய்களிடம் கொடுத்தபோது, 10 நிமிடத் துண்டுகளில் 98 சதவீதமும் 2 நிமிடத் துண்டுகளில் 86 சதவீதமும் துல்லியமாகச் சொல்லின.

நாய் எதை முகர்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கடாவெரின், புட்ரெசின் என்ற இரண்டு வேதிப்பொருள்களைத்தான் நாய் தேடுகிறது என்று எழுதுவார்கள். இவை 1885-ல் பெர்லினில் லுட்விக் பிரீகர் கண்டறிந்து பெயரிட்டவை. ஆனால் கெட்டுப்போன இறைச்சியிலும் வாய் நாற்றத்திலும்கூட இவை உண்டு. நாய் கற்றுக்கொள்வது ஆவியாகும் பற்பல சேர்மங்கள் கலந்த ஒட்டுமொத்த வாசனையை.

உங்கள் கதைக்கு முக்கியமானது இனிமேல்தான். நாய் உட்கார்ந்ததும் ‘இங்கே கொலை நடந்தது’ என்று நாயகி சொல்லிவிடக் கூடாது. இப்படிப்பட்ட நாய்களை இரத்தம், பல், எலும்பு என்று பலவற்றிலும் பழக்குகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் யாருக்கோ மூக்கில் இரத்தம் கொட்டிய இடமாகவும் அது இருக்கலாம். நாய் உட்கார்ந்தது தேட வேண்டிய இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். அடுத்து ஓடு பெயர்க்கப்படும், இடுக்கில் பஞ்சு தேய்க்கப்படும், ஆய்வகம் பேசும். தரையை பிளீச் ஊற்றிக் கழுவியிருந்தால், இரத்தம் பட்ட இடத்தை ஒளிரவைக்கும் லுமினால் என்ற வேதிப்பொருளைத் தெளிப்பதில் ஒரு சிக்கல் வரும். இரத்தமே இல்லாத இடத்திலும் பிளீச்சுக்கே லுமினால் ஒளிரும். அது ஒளிர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டு, ‘நாய் சொன்னது உறுதியாகிவிட்டது’ என்று எழுதினால் இரண்டு பலவீனமான சான்றுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதாக ஆகும். நாயை விடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுக்கவும் மறக்கக் கூடாது. பிளீச் நெடி நாயின் மூக்கைப் புண்ணாக்கும்.

கே: புதைத்த சடலத்தை நாய் எப்படிக் காட்டும்?

சடலம் தேடுவதற்கென்றே பழக்கிய முதல் நாய்களில் ஒன்று, நியூயார்க் மாநிலக் காவல்துறை 1974-ல் பயிற்சி தந்த பேர்ல் என்ற மஞ்சள் லாப்ரடார். மண்ணுக்கடியில் புதைத்த உடலை அது கண்டுபிடித்தது. அன்று முதல் முறைகள் மெருகேறியிருக்கின்றன, ஆனால் அடிப்படை மாறவில்லை: வாசனை மண்ணிலிருந்து வெளியே வந்தால்தான் நாய்க்குத் தெரியும்.

களிமண் இறுகிக் கிடந்தால் வாசனை வெளியே வராது. ஆகவே சந்தேகப் பகுதியில் ஒரு செ.மீ. தடிமனான, குறுக்குப் பிடி வைத்த எஃகுக் கம்பியால் அரை மீட்டர் இடைவெளியில், 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குத் துளை போடுவார்கள். மெதுவாக இறக்க வேண்டும். வேகமாகக் குத்தினால் எலும்பில் புதுக் காயம் விழும், பிறகு அது கொலையாளி ஏற்படுத்திய காயமா என்ற குழப்பம் வரும். முன்பு தோண்டி மூடிய மண்ணில் கம்பி சட்டென்று இறங்கும், அதுவே ஒரு குறிப்பு. ஒவ்வொரு துளைக்குப் பிறகும் கம்பியைத் துடைத்துக் கழுவ வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு துளையில் ஒட்டிய வாசனை அடுத்த பத்துத் துளைகளுக்கும் போய்விட, நாய் வரிசையாக எல்லாவற்றிலும் உட்காரும். துளை போட்டபின் குறைந்தது அரை மணி நேரம் விட்டு, காற்று நம் முகத்தில் அடிக்கும் பக்கத்திலிருந்து நாயைக் கொண்டுவர வேண்டும்.

வெயில் ஏறிவிட்டால் சூடான காற்றோடு வாசனையும் மேலே போய்விடும். விடியற்காலையே நல்லது. சரிவான நிலத்தில் நாய் உட்கார்ந்த இடத்தை மட்டும் தோண்டி ஏமாறாதீர்கள். மழைநீரோடு வாசனை கீழ்நோக்கி இறங்கிச் சில மீட்டர் தள்ளி வெளிவரும். மரத்தடியில் நாய் உட்கார்ந்தால் வேர் போகும் திசைகளையும் பார்க்க வேண்டும்.

கே: நாய்க்குப் பயிற்சி தருவதில் அடிக்கடி நேரும் தவறு எது?

நாய் தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்வது. பயிற்சிப் பொருளை எப்போதும் ஒரே வகை ஜாடியில், ஒரே ஆள், ஒரே கையுறையோடு ஒளித்துவைத்தால் நாய் ஜாடியையும் கையுறையையும் ஒளித்தவரின் காலடியையும் தேடப் பழகிவிடும். பயிற்சியில் நூற்றுக்கு நூறு வாங்கும், களத்தில் விழிக்கும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பயிற்சியிலும் பொருள் இல்லாத அதே மாதிரி ஜாடிகள், வெறும் கையுறை, விலங்கு எலும்பு எல்லாவற்றையும் ஒளித்துவைக்க வேண்டும். ஒளிப்பவர்கள் மாற வேண்டும். ஒன்றுமே ஒளிக்காத வெற்றுத் தேடல்களும் தவறாமல் இருக்க வேண்டும். ‘கொண்டுவந்தால் கட்டாயம் ஏதோ இருக்கும்’ என்று பழகிய நாய், எதுவும் இல்லாத வீட்டிலும் எதையாவது காட்டிவிட்டுப் பரிசாகத் தரும் பந்துக்குக் காத்திருக்கும்.

கே: வரிசையாக ஆட்களை நிறுத்தி நாயை விட்டுக் குற்றவாளியை அடையாளம் காணலாமா?

ஆட்களையே நிறுத்துவது தவறு. பயந்து வியர்ப்பவர், அசைபவர், நாயைப் பார்த்து முகம் திருப்புபவர் பக்கம் நாய் போய்விடும். நெதர்லாந்தில் இதற்கு ஒரு கறாரான முறை வகுத்தார்கள். சந்தேக நபரும் சம்பந்தமில்லாத சிலரும் எஃகுக் குழாய்களைக் கையில் வைத்திருப்பார்கள். அந்தக் குழாய்களை வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைகளில் வைப்பார்கள். முதலில் வழக்கோடு தொடர்பில்லாத ஒருவரின் வாசனையைக் கொடுத்து, அவருடைய குழாயை நாய் எடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தச் சுற்றிலேயே நாய் சந்தேக நபரின் குழாயிடம் போனால் சோதனை அங்கேயே ரத்து. அவருடைய வாசனைமேல் நாய்க்கு வேறு ஏதோ ஈர்ப்பு இருக்கிறது என்று பொருள். இதைத் தாண்டினால்தான் கொலைப் பொருளின் வாசனை தரப்படும். எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்பது கையாள்பவருக்குத் தெரியவே கூடாது.

அந்தக் கடைசி விதிதான் மீறப்பட்டது. நாட்டின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் 1997 முதல் 2006 வரை நடந்த சோதனைகளில் கையாளுநர்களுக்குக் குழாய்களின் இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பது வெளியானது. நாய்களின் மூக்கில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் அந்தச் சோதனைகளை நம்பிய வழக்குகள் கேள்விக்குள்ளாயின. முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாகப் பதில் சொன்னதற்கு இதுதான் காரணம்.

கே: லண்டனில் ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளின்போது நாய்களைப் பயன்படுத்தினார்களாமே?

சோதித்துப் பார்த்தார்கள். 1888 அக்டோபரில் பார்னபி, பர்கோ என்ற இரண்டு பிளட்ஹவுண்டு இன மோப்ப நாய்களைப் பூங்காக்களில் ஓடவிட்டார்கள். காவல் ஆணையர் சர் சார்லஸ் வாரனே தப்பி ஓடுபவராக நடித்தார். நாய்கள் ஓரளவு நன்றாகவே செய்தன. ஆனால் நவம்பர் 9-ம் தேதி, அந்தக் கொலைகளில் பலியான மேரி கெல்லியின் சடலம் அறைக்குள் இருப்பது தெரிந்தும், நாய்கள் வரட்டும் என்று கதவைத் திறக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நாய்களோ அப்போது லண்டனிலேயே இல்லை. நாய் எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை முதல் தொலைபேசியிலேயே உறுதி செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான உதாரணம் கிடையாது.

கே: என் நாயகிக்குப் பணியில் நேர்ந்த அதிர்ச்சியால் மனப் பாதிப்பு. அவருக்குத் துணையாக ஒரு சேவை நாய் இருக்கிறது. அதுவே தடயமும் தேடலாமா?

வேண்டாம். சேவை நாய்க்குத் தரப்படும் பயிற்சியின் அடிப்படையே, சுற்றிலும் என்ன வாசனை வந்தாலும் பொருட்படுத்தாமல் தன் ஆள்மேல் கவனம் வைப்பது. மோப்ப நாய்க்கு நேரெதிர்: ஆளை மறந்து வாசனையின் பின்னால் போக வேண்டும். தேடலின் நடுவே நாயகிக்குப் பதற்றம் ஏறினால், நாய் வாசனையை விட்டுவிட்டு அவர் காலடியில் வந்து சாய்ந்துகொள்ளும். சேவை நாயாக அது சரியாகத்தான் செய்தது, ஆனால் அதை ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று பதிவு செய்ய முடியுமா? கொலை நடந்த இடத்தின் நெடியும் கூச்சலும் அதன் நிதானத்தையும் கெடுக்கலாம்.

கதையில் இரண்டு நாய்கள் இருக்கட்டும். சேவை நாய் எல்லைக்கு வெளியே வண்டியில் காத்திருக்கட்டும். அதற்கு இன்னொரு நல்ல வேலையும் உண்டு. சியாட்டிலில் 2003-ல் அரசு வழக்கறிஞர் ஒருவர், தன் மகனுக்கு உதவிவந்த ஜீட்டர் என்ற சேவை நாயை நீதிமன்றத்துக்கு அழைத்துவர, அங்கே வந்த சிறார்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. சாட்சி சொல்ல அஞ்சும் குழந்தைகளுக்குத் துணையிருக்கும் நீதிமன்ற நாய்கள் அமெரிக்காவில் அதன்பின் பெருகின. கொலையைக் கண்ணால் பார்த்த குழந்தை ஒன்று உங்கள் கதையில் இருந்தால், அந்த அறையில் இப்படியொரு நாய் படுத்திருப்பது பொருத்தமாக இருக்கும்.

கே: நாய் தொடர்ந்து எவ்வளவு நேரம் தேடும்?

நுணுக்கமான தேடல் என்றால் 20 முதல் 30 நிமிடம், பிறகு நிழலும் தண்ணீரும் ஓய்வும். வெயிலில் இதைவிடக் குறைவு. நாய் முகரும்போது மூச்சை மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக வெளியே விடுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலையாமல் உள்ளே போகும். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்கத் தொடங்கினால் காற்று வாய்வழியே போக ஆரம்பிக்கும், முகர்வது குறையும். இரைக்கும் நாய் ‘ஒன்றுமில்லை’ என்று கடந்த அறையை இன்னொரு முறை தேட வேண்டும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே உடலைத் தண்ணீரில் நனைத்து, காற்றுப் படவைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தையும் அதில் வைக்கக் கூடாது.

மணிக்கணக்கில் தேடியும் எதுவும் கிடைக்காத நாய் சோர்ந்துபோகும். வெளியே எங்காவது ஒரு பயிற்சிப் பொருளை ஒளித்து, கண்டுபிடிக்க வைத்து, விளையாடிவிட்டு முடிப்பது வழக்கம். அந்தப் பொருளைச் சம்பவ இடத்துக்குள் மட்டும் கொண்டுபோகவே கூடாது.

கே: நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையாள்பவரிடம் என்ன கேட்பார்?

நாயைப் பற்றிக் குறைவாகவும் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி அதிகமாகவும் கேட்பார். கடைசி ஓராண்டில் எத்தனை பயிற்சிகள், அவற்றில் வெற்றுத் தேடல் எத்தனை, அந்த வெற்றுத் தேடல்களில் நாய் எத்தனை முறை தவறாக உட்கார்ந்தது? வெற்றிகள் மட்டும் நிறைந்த பதிவேட்டை அவர் நொடியில் உடைத்துவிடுவார், ஏனென்றால் தவறின் அளவு தெரியாத நாயின் வெற்றிக்கும் மதிப்பில்லை. அடுத்து, நாய் உட்கார்ந்ததா, அல்லது ‘ஆர்வம் காட்டியது’ என்று நீங்களாகச் சொல்கிறீர்களா என்று கேட்பார். பயிற்சியில் கற்றுத்தந்த இறுதிச் சைகை, அதாவது உட்காருவது, படுப்பது, குரைப்பது இவற்றில் எது உங்கள் நாயினுடையதோ அது மட்டுமே அறிவிப்பு. வால் வேகமாக ஆடியது, தலை திரும்பியது என்பதையெல்லாம் குறிப்பில் எழுதலாம், அறிவிப்பாக எண்ணக் கூடாது.

ஆகவே நாயகி சம்பவ இடத்தை விட்டுக் கிளம்புமுன் எழுத வேண்டியவை: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வெப்பநிலை, காற்றின் திசை, தேடலின் வரிசையை வகுத்தவர் பெயர், தனக்கு முன்கூட்டியே என்னென்ன தெரிந்திருந்தது, நாய் எங்கே எந்தச் சைகை காட்டியது, எங்கே எதுவும் காட்டவில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் களைப்பில் எழுதாமல் விடுவார்கள். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கேட்கும்.